நைல் பிறக்கும் ஊரில் விருந்தாளி மாணவர்கள்

விடுமுறையில் சேவை செய்ய ஆப்பிரிக்கா போகும் கல்லூரிப் பிள்ளைகள் அங்கே எதைப் பார்க்கிறார்கள், எதைத் தவறவிடுகிறார்கள்? உகாண்டாவின் ஜிஞ்சா நகரத்தை முன்வைத்து ஒரு சிறப்புப் பார்வை.

ஜூன் பிறந்துவிட்டால் ஜிஞ்சாவின் மெயின் ஸ்ட்ரீட்டுக்குப் புது முகங்கள் வந்துவிடும். முதுகில் பெரிய பை, கையில் தண்ணீர்ப் பாட்டில், குழுவின் பெயர் பொறித்த டி-ஷர்ட் என்று பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள் காபிக் கடைகளில் நிறைந்திருப்பார்கள். அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் கோடை விடுமுறைக்கு வந்தவர்கள். காலையில் போடா போடா எனப்படும் வாடகை மோட்டார் சைக்கிளில் ஏறி, ஊர்ப்புறத்துப் பள்ளிக்கூடத்துக்கோ குழந்தைகள் இல்லத்துக்கோ கிளம்புவார்கள். ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பார்கள், சுவருக்கு வண்ணம் அடிப்பார்கள், குழந்தைகளைத் தூக்கிவைத்துக் கொஞ்சுவார்கள். சனிக்கிழமையானால் நைல் நதியில் ரப்பர் படகுச் சவாரி. மூன்று, நான்கு வாரம் முடிந்ததும் கண் கலங்க விடைபெறுவார்கள். அவர்கள் காலி செய்த அறைக்கு அடுத்த குழு வந்து சேரும்.

இந்தப் பிள்ளைகளின் மனசு நல்ல மனசு. வீட்டிலும் உறவினரிடமும் கேட்டுப் பணம் திரட்டி, தடுப்பூசி போட்டுக்கொண்டு, முன்பின் தெரியாத ஊருக்கு வருகிறார்கள். உலகம் முழுவதும் இப்படிப் போகிறவர்கள் ஆண்டுக்கு 16 லட்சம் பேர் என்று 2008ஆம் ஆண்டின் மதிப்பீடு ஒன்று சொன்னது. நம் நாட்டு மாணவர்களும் இந்த வரிசையில் இருக்கிறார்கள். ஐசெக் போன்ற மாணவர் அமைப்புகள் வழியாக இந்தியக் கல்லூரிப் பிள்ளைகள் ஆப்பிரிக்க நகரங்களுக்குத் தன்னார்வலர்களாகச் செல்கிறார்கள். ஆகவே ஜிஞ்சா கண்ட அனுபவம் நமக்கும் வேண்டிய அனுபவம். நல்லெண்ணம் மட்டுமே கைமுதலாக வருகிறவர் ஓர் ஊரில் எப்படிப்பட்ட விபரீதத்தில் மாட்டிக்கொள்ளக் கூடும், முறையாகக் கற்றுக்கொண்டு செய்யும் சேவை எத்தனை உயிர்களைத் தாங்கிப் பிடிக்கும் என்ற இரண்டுக்குமே இந்த ஒரே ஊரில் சாட்சி இருக்கிறது.

வேலை இழந்த ஊர்

கம்பாலாவிலிருந்து கிழக்கே சுமார் 80 கிலோமீட்டர் தூரத்தில், விக்டோரியா ஏரியின் வடகரையில் இருக்கிறது ஜிஞ்சா. ஏரியிலிருந்து வெள்ளை நைல் புறப்படும் இடம். 1862 ஜூலை 28 அன்று இங்கே வந்த ஆங்கிலேயர் ஜான் ஹானிங் ஸ்பெக், நைலின் பிறப்பிடத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக உலகுக்கு அறிவித்தார். அங்கே பாய்ந்துகொண்டிருந்த அருவிக்கு ரிப்பன் அருவி என்று பெயரும் வைத்தார். லண்டன் ராயல் புவியியல் கழகத்தின் தலைவராக இருந்த அந்த ரிப்பன் பிரபுதான் பிற்பாடு இந்தியாவின் வைஸ்ராய் ஆனார். சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை தாங்கி நிற்பதும் அவர் பெயரைத்தான். ஸ்பெக் வருவதற்குப் பல தலைமுறை முன்பிருந்தே புசோகா மக்கள் அந்த ஆற்றைக் கியிரா என்று அழைத்து, அதன் கரையில் மீன் பிடித்து, வாழை பயிரிட்டு வாழ்ந்துவந்தார்கள்.

அந்த அருவி இன்று இல்லை. 1954இல் திறக்கப்பட்ட ஓவன் அருவி அணை அதை மூழ்கடித்துவிட்டது. ஆனால், அணை தந்த மின்சாரம் ஜிஞ்சாவை உகாண்டாவின் தொழில் தலைநகரமாக்கியது. துணி ஆலை, இரும்பு ஆலை, செம்பு உருக்கும் ஆலை என்று அடுத்தடுத்து வந்தன. தொழிலாளர் குடும்பங்களுக்காக வாலுகுபா குடியிருப்பு எழுந்தது. பக்கத்துக் காகிராவில் முல்ஜிபாய் மாத்வானி என்ற குஜராத்தியர் 1930இல் தொடங்கிய சர்க்கரை ஆலை இன்றும் ஓடுகிறது. மெயின் ஸ்ட்ரீட்டின் பழைய மாடிக் கட்டடங்களை அண்ணாந்து பார்த்தால், முகப்பில் கட்டிய ஆண்டும் இந்தியக் குடும்பப் பெயர்களும் பொறித்திருப்பது தெரியும். காந்தியின் அஸ்தியில் ஒரு பகுதி 1948இல் இங்கேதான் நைலில் கரைக்கப்பட்டது. ஆற்றங்கரையில் அவருடைய மார்பளவுச் சிலை இருக்கிறது.

1972 ஆகஸ்டில் இடி அமீன், ஆசியர்கள் 90 நாளில் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று உத்தரவிட்டார். கடைகளும் ஆலைகளும் அமீனுக்கு வேண்டியவர்களிடம் போயின. மூலப்பொருள் வரத்து அறுந்தது, உதிரிபாகம் கிடைக்கவில்லை, இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஆலைச் சம்பளத்தை நம்பியிருந்த ஆப்பிரிக்கத் தொழிலாளர் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. 1990களில் சொத்துகள் திரும்ப ஒப்படைக்கப்பட்டு, சில இந்தியக் குடும்பங்கள் திரும்பி வந்தன. ஊரும் மெல்ல மெல்ல எழுந்தது. 2020 ஜூலை 1 அன்று ஜிஞ்சா அதிகாரபூர்வமாக மாநகரமானது.

இந்தக் கதை தெரியாமல் வாலுகுபாவின் தெருக்களில் நடக்கும் மாணவருக்கு, வறுமை அந்த மண்ணோடு பிறந்தது போலத் தோன்றும். அந்த வறுமைக்குத் தேதி உண்டு, காரணம் உண்டு, காரணமானவர்கள் உண்டு. ஒரு காலத்தில் நாட்டுக்கே துணி நெய்து கொடுத்த ஊர் இது. அதன் முதல் தேவை நிரந்தர வேலை. மூன்று வார விருந்தாளியால் கொடுக்க முடியாததும் அதுதான்.

வேன் ஜன்னலில் தெரியும் ஆப்பிரிக்கா

எண்டெபி விமான நிலையத்தில் இறங்கி, கம்பாலாவின் நெரிசலைத் தாண்டி, லுகாசியின் கரும்புத் தோட்டங்களைக் கடந்தால் மபிரா காடு. நடுவில் நஜெம்பே என்ற இடத்தில் வேன் வேகம் குறைந்தவுடனே வியாபாரிகள் ஓடி வருகிறார்கள். குச்சியில் கோத்துச் சுட்ட கோழி இறைச்சி, கரியில் வாட்டிய நேந்திரம் மாதிரியான பழம், குளிர்பானம் என்று ஒரே நேரத்தில் பத்துக் கைகள் ஜன்னலுக்குள் நீளும். முதல் முறை வருகிறவருக்கு அது மிரட்சி. தினம் போகிறவருக்கு அது மதியச் சாப்பாடு. சில்லறையைச் சரியாக எண்ணி நீட்டி, வேன் நகர்வதற்குள் பேரம் முடித்துவிடுவார்கள். அதற்கப்புறம் 2018 அக்டோபரில் திறக்கப்பட்ட கம்பிவடப் பாலம். ஜப்பானியக் கடனுதவியில் கட்டிய 525 மீட்டர் பாலத்தின் அந்தக் கரையில் ஜிஞ்சா.

ஊருக்குள் இறங்கியதும் சின்னப் பிள்ளைகள் கூடவே ஓடி வந்து கை காட்டுவார்கள். வெள்ளையரானால் 'முசுங்கு', இந்தியரானால் 'முஹிந்தி' என்று கூப்பிடுவார்கள். உகாண்டா மக்கள்தொகையில் சுமார் பாதிப் பேர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். எந்தத் தெருவிலும் குழந்தைகள்தான் முதலில் கண்ணில் படுவார்கள். பள்ளிவிட்டு விளையாடும் குழந்தை, தம்பியை இடுப்பில் வைத்துத் தண்ணீர்க் குடம் தூக்கும் அக்கா, கடைக்குப் போகும் பையன் எல்லாருமே வெளியாளின் கண்ணுக்குக் கைவிடப்பட்ட குழந்தைகளாகத் தெரிவது இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்தத் தெருவில் பத்து வீட்டுக்கு அந்தக் குழந்தை யார் பிள்ளை என்று தெரியும். வந்த அன்றே அது வெளியாளுக்குத் தெரிய வழியில்லை.

தெருமுனையில் ஓர் இளைஞர் கரியடுப்பின் மேல் இரும்புக்கல் வைத்து நின்றுகொண்டிருப்பார். மாவு உருண்டையைத் தட்டிச் சப்பாத்தி போட்டு எடுத்து, அதே கல்லில் இரண்டு முட்டையை வெங்காயம், தக்காளி, முட்டைக்கோஸோடு அடித்து ஊற்றி, சப்பாத்தியை அதன்மேல் படுக்கவைத்து, புரட்டிச் சுருட்டித் தாளில் மடித்துக் கொடுப்பார். இதற்கு இங்கே ரோலெக்ஸ் என்று பெயர். சப்பாத்தி இந்தியர்களோடு கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வந்தது. அதை முட்டையோடு சுருட்டி நாடு முழுக்க ஒரு பிழைப்பாக மாற்றியது உகாண்டா இளைஞர்களின் சாமர்த்தியம். பக்கத்தில் சவாரிக்குக் காத்திருக்கும் போடா போடாக்களைப் பாருங்கள். பஜாஜ் பாக்ஸர் நிறைய இருக்கும். ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ்ஸின் எச்எல்எக்ஸ் வண்டிகளும் நிற்கும். வண்டியைத் தவணையில் வாங்கி, தவணை போக மிஞ்சியதில் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிற அப்பாக்கள் அந்த வண்டிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த உழைக்கும் ஊர், சேவைக்கு வருகிற மாணவரின் கண்ணில் அதிகம் படுவதில்லை. அவருடைய நாள் தங்கும் விடுதிக்கும் இல்லத்தின் மதில் சுவருக்கும் இடையே முடிந்துவிடுகிறது. அங்கே அவர் சந்திப்பவர்கள் எல்லாம் உதவி பெறுகிறவர்கள். வீடு திரும்பி அவர் சொல்லும் ஆப்பிரிக்காவிலும் உதவி பெறுகிறவர்கள் மட்டுமே இருக்கிறார்கள். சந்தையில் கணக்கு எழுதுகிறவர், சர்க்கரை ஆலைப் பொறியாளர், அரசு மருத்துவமனைச் செவிலியர், பத்திரம் எழுதும் வழக்கறிஞர் யாரும் அந்தக் கதையில் இல்லை.

105 குழந்தைகள்

2007இல் பதினெட்டு வயதில் ஒரு அமெரிக்கப் பெண் சமயக் குழு ஒன்றின் தன்னார்வலராக ஜிஞ்சா வந்தார். ஊர் அவர் மனத்தைப் பிடித்துக்கொண்டது. 2009இல் திரும்பி வந்து, மசேசே பகுதியில் ஒரு தொண்டு மையம் தொடங்கினார். ஊட்டச்சத்துக் குறைவால் நலிந்த குழந்தைகள் அங்கே வந்து குவிந்தன. அவருக்கு மருத்துவப் படிப்பு இல்லை.

2010 முதல் 2015 வரை அந்த மையம் சேர்த்துக்கொண்ட சுமார் 940 குழந்தைகளில் 105 குழந்தைகள் இறந்தன. 2015இல் மாவட்டச் சுகாதார அதிகாரிகள் மையத்தை மூடினார்கள். 2019 ஜனவரியில், பிள்ளைகளை இழந்த இரண்டு தாய்மார்களுக்காக உகாண்டாவின் பெண் வழக்கறிஞர்கள் அமைப்பு ஒன்று ஜிஞ்சா உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. தான் மருத்துவராக நடித்ததில்லை, தகுதி பெற்ற உகாண்டா செவிலியர்களையும் மருத்துவர்களையும் வைத்தே மையத்தை நடத்தியதாக அவர் சொன்னார். 2020இல், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் இழப்பீடு கொடுக்கும் சமரசத்தில் வழக்கு முடிந்தது.

ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைக்குச் சோறு ஊட்ட மருத்துவப் படிப்பு எதற்கு என்று தோன்றலாம். கடுமையாக மெலிந்துவிட்ட குழந்தையின் உடல், பட்டினிக்கு ஏற்றபடி தன் இயக்கத்தையே சுருக்கிக்கொண்டிருக்கும். இதயமும் சிறுநீரகமும் பலவீனமாக இருக்கும். அந்த நிலையில் சத்தான உணவை ஒரேயடியாகக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயம் நின்றுபோகக்கூடும். நரம்பு வழியாக நீரை வேகமாக ஏற்றினால் இதயம் தாங்காது. அதனால்தான் முதல் சில நாட்களுக்கு எஃப்-75 என்ற மிதமான பாலை, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, எடைக்கு ஏற்ற அளவில் மட்டும் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நீரிழப்பு, நோய்த்தொற்று, உடல் வெப்பம் குறைதல் எல்லாவற்றையும் கூடவே கண்காணிக்க வேண்டும். பசித்த பிள்ளைக்குச் சோறு போடுவது என்ற எளிய ஆசைக்குப் பின்னால் இவ்வளவு பெரிய மருத்துவம் இருக்கிறது.

வெளியூரில் பெயர் தெரிந்தவர், ஆங்கிலம் பேசுகிறவர், பணம் கொண்டுவருகிறவர் என்பதற்காகவே ஒருவருக்கு இத்தனை குழந்தைகளின் பொறுப்பு வந்து சேர முடிந்தது. அவருடைய சொந்த ஊரில் எந்தத் தாயும் தன் குழந்தையை இருபது வயதுப் பெண்ணின் சிகிச்சை மையத்தில் விட்டிருக்க மாட்டாள். எந்த அரசும் அதற்கு அனுமதி கொடுத்திருக்காது. தன் ஊரில் தகுதியில்லாத வேலைக்கு ஆப்பிரிக்காவில் மட்டும் தகுதி வந்துவிடும் என்ற எண்ணம் அங்கே ஊறிப்போயிருந்தது. அதன் விலையைக் கொடுத்தவை பிள்ளைகளை இழந்த குடும்பங்கள்.

கொஞ்சிவிட்டுப் போகும் கைகள்

எல்லாத் தன்னார்வலரும் மருத்துவம் செய்வதில்லையே, குழந்தைகளோடு விளையாடுவதில் என்ன கேடு என்று கேட்கலாம். தென்னாப்பிரிக்க ஆய்வாளர் லிண்டா ரிக்டர் 2010இல் சக ஆய்வாளரோடு எழுதிய கட்டுரை இதை நேராகவே எடுத்துப் பேசியது. இல்லத்தில் வளரும் சிறு குழந்தை, புதிதாக வருகிறவர் யாரானாலும் ஓடி வந்து கட்டிக்கொள்ளும். பார்ப்பவருக்கு அது அன்பின் வெள்ளம். நிலையான ஓர் ஆள் இல்லாததன் அடையாளம் அது. வருகிறவரோடு ஒட்டிக்கொள்கிறது, சில வாரத்தில் அவர் போய்விடுகிறார், அடுத்தவரோடு ஒட்டிக்கொள்கிறது. பிரிவின் மேல் பிரிவு. பிறகு யாரிடமும் மனம் ஒட்டாமல் போகிற ஆபத்து.

இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் அனாதைகளும் அல்லர். உலக அளவில் பார்த்தால் 80 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். பள்ளிக் கட்டணம் கட்ட முடியவில்லை, மூன்று வேளைச் சாப்பாடு இல்லை என்பதற்காக இல்லத்தில் விட்டுப் போகிறார்கள். வெளிநாட்டு மாணவரும் அவர்கள் கொண்டுவரும் நன்கொடையும் இல்லங்களுக்கு வருமானம். குழந்தைகள் இருந்தால்தான் மாணவர் வருவார்கள் என்பதால், வீட்டிலிருந்து குழந்தையை இல்லத்துக்குக் கொண்டுவர ஆள் தேடுகிற நிலைகூடச் சில நாடுகளில் உண்டாகிவிட்டது. எய்ட்ஸ் உகாண்டாவைச் சூறையாடிய 1990களில், பெற்றோரை இழந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோரை வளர்த்தெடுத்தவர்கள் பாட்டிகளும் அத்தைகளும்தான். இல்லத்துக்குப் போகும் பணத்தில் ஒரு பங்கு அந்தப் பாட்டியின் கைக்குப் போயிருந்தால் குழந்தை வீட்டிலேயே இருந்திருக்கும்.

இதை உலகம் இப்போது ஒப்புக்கொள்ளத் தொடங்கியிருக்கிறது. உகாண்டா 2012இல் மாற்றுப் பராமரிப்புக்கான தேசியக் கொள்கை வகுத்து, குடும்பத்துக்கு முதலிடம் என்றது. ஆஸ்திரேலியா தன் மக்களை அனாதை இல்லச் சேவைப் பயணங்களைத் தவிர்க்கும்படி 2018இல் கேட்டுக்கொண்டது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானம், இல்லங்களைச் சுற்றுலாத் தன்னார்வலருக்குத் திறந்துவிடுவதால் வரும் கேட்டைக் குறிப்பிட்டுத் தடுக்கச் சொன்னது.

பாதத்தில் ஏறும் பூச்சி

புசோகா கிராமங்களில் மணல்தெள்ளு ஒரு பெரிய தொல்லை. குண்டூசித் தலை அளவுப் பெண் பூச்சி கால் விரலுக்குள்ளும் குதிகாலிலும் துளைத்துப் புகுந்து, முட்டை பெருகப் பெருகப் பட்டாணி அளவுக்கு வீங்கும். அரிப்பு, சீழ், நடக்க முடியாத வலி. மாணவர்கள் குழுவாக இதற்கும் வருகிறார்கள். கையுறை மாட்டி, குழந்தையின் பாதத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஊசியால் ஒவ்வொன்றாகக் கெல்லி எடுப்பார்கள். குழந்தை வலியில் அலறும். பூச்சி வெளியே வந்ததும் மருந்து தடவி, புதுச் செருப்பு மாட்டி அனுப்புவார்கள்.

வீட்டுக்குள் அதே புழுதித் தரை. அதில் முட்டை பொரித்து வளர்ந்த அடுத்த தலைமுறைப் பூச்சி காத்திருக்கும். நாயும் பன்றியும் சேர்ந்து பூச்சியைச் சுமக்கும். ஒரே மாதத்தில் பாதம் பழையபடி ஆகிவிடும். தரையைக் கெட்டிப்படுத்தினால்தான் இந்தச் சுற்று அறுபடும். களிமண்ணையும் சரளையையும் இறுக்கி, மேலே எண்ணெய்ப் பூச்சு கொடுத்துச் சிமெண்டைவிடக் குறைந்த செலவில் தரை போடும் வேலையை அந்தப் பக்கத்துக் கொத்தனார்களே செய்கிறார்கள். ஊசியால் எடுக்க வேண்டியிராத டைமெத்திகோன் என்ற எண்ணெய் மருந்தும் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் பணம் சேர்த்துக் கொடுக்கும் மாணவர், ஜிஞ்சாவுக்கு வராமலே நூறு பாதங்களைக் காப்பாற்றிவிடுவார்.

மோட்டார் சைக்கிளில் வந்த மருந்து

இதே ஜிஞ்சாவில் இன்னொரு கதையும் நடந்தது. நல்லெண்ணம் எந்தப் பாதையில் போக வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1987இல் கணவரை எய்ட்ஸுக்குப் பறிகொடுத்த நோரின் கலீபா என்ற உகாண்டாப் பெண்மணி, நோயாலும் அதனால் வந்த அவமதிப்பாலும் வாடிய ஒரு சிறு குழுவோடு சேர்ந்து டாசோ என்ற அமைப்பைத் தொடங்கினார். ஆப்பிரிக்கா முழுவதற்கும் முன்மாதிரியாக வளர்ந்த அந்த அமைப்புக்கு ஜிஞ்சாவிலும் ஒரு மையம் உண்டு. எச்.ஐ.வி.க்கான கூட்டுமருந்து 2000களில் உகாண்டாவுக்கு வந்தபோது பெரிய சிக்கல் ஒன்று எழுந்தது. மருத்துவர்கள் குறைவு. கிராமத்திலிருந்து மருத்துவமனைக்கு வரப் பேருந்துக் கட்டணம் இல்லாமல் நோயாளிகள் மருந்தை இடையில் நிறுத்திவிடக்கூடும்.

டாசோவும் ஆய்வாளர்களும் சேர்ந்து 2005இல் ஒரு சோதனையில் இறங்கினார்கள். ஒரு பகுதி நோயாளிகள் வழக்கம்போல மருத்துவமனைக்கு வருவார்கள். இன்னொரு பகுதிக்கு, பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் மாதத்துக்கு ஒரு முறை மோட்டார் சைக்கிளில் வீடு தேடிப் போவார்கள். இவர்கள் மருத்துவரும் அல்லர், செவிலியரும் அல்லர். கையில் இருக்கும் பட்டியலைப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள், மாத்திரையை எண்ணுவார்கள், ஆபத்து அறிகுறி தெரிந்தால் உடனே மருத்துவரிடம் அனுப்புவார்கள். மொத்தம் 1,453 நோயாளிகள். 2009இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளிவந்தது. வீட்டுக்கே போய்ச் செய்த சிகிச்சை, மருத்துவமனைச் சிகிச்சைக்குச் சமமாகப் பலன் தந்தது. நோயாளியின் செலவும் குறைந்தது. மருத்துவர் பற்றாக்குறை உள்ள நாடுகள் எச்.ஐ.வி. சிகிச்சையைக் கிராமங்களுக்குக் கொண்டுபோகலாம் என்பதற்கு ஜிஞ்சா அசைக்க முடியாத ஆதாரமானது.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் மருத்துவப் பட்டம் இல்லாதவர்கள் நோயாளியைத் தொட்டார்கள். டாசோவின் களப்பணியாளருக்கு நோயாளியின் மொழி தெரியும். அவர் தன் எல்லையைத் தெரிந்துவைத்திருந்தார். அவருக்கு மேலே மருத்துவர் இருந்தார். ஒவ்வொரு மாத்திரைக்கும் கணக்கு இருந்தது. அடுத்த மாதமும் அவரே வந்தார். சேவையைச் சேவையாக்குவது இந்த ஒழுங்குதான்.

அழைப்பின் பேரில் வந்தவர்கள்

வெளியாள் வரவே கூடாது என்று ஆப்பிரிக்கா சொன்னதில்லை. 1961 ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்க அமைதிப்படையின் முதல் தன்னார்வலர் குழு கானாவின் அக்ரா விமான நிலையத்தில் இறங்கியது. ஏறத்தாழ ஐம்பது பேர். எல்லோரும் ஆசிரியர்கள். புதிதாக விடுதலை பெற்ற நாட்டின் உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஆசிரியர்கள் தேவை என்று குவாமே நிக்ருமாவின் அரசு கேட்டிருந்தது. இறங்கியவுடன் அவர்கள் ட்வி மொழியில் கானா நாட்டுப் பாடல் ஒன்றைப் பாடினார்கள். இரண்டு ஆண்டுகள் இருந்து, கானா கல்வித் துறையின் கீழ் வேலை பார்த்தார்கள். வேலையை வரையறுத்தது அந்த நாடு. காலம் இரண்டு ஆண்டு. மொழிப் பயிற்சி முன்கூட்டியே.

பின்னர் பெருகிய குறுகிய காலப் பயணங்கள் இந்த மூன்றையும் கைவிட்டன. சிந்தனையாளர் இவான் இலிச் 1968இலேயே இதைப் பார்த்துவிட்டார். லத்தீன் அமெரிக்கக் கிராமங்களுக்குச் சேவைக்குப் புறப்பட்ட அமெரிக்க மாணவர் மாநாட்டில், நல்லெண்ணத்தை மூட்டை கட்டி வையுங்கள், வருவதானால் படிக்க வாருங்கள், பார்க்க வாருங்கள் என்ற பொருள்பட முகத்துக்கு நேரே பேசினார். அரை நூற்றாண்டு கழித்தும் அந்தப் பேச்சு தன்னார்வலர் பயிற்சிகளில் வாசிக்கப்படுகிறது.

படம் எடுப்பதிலும் இதே சிக்கல்தான். 2019 பிப்ரவரியில் பிரிட்டனின் நிதி திரட்டும் அமைப்பு ஒன்றுக்காக உகாண்டா வந்த தொலைக்காட்சிப் பிரபலம், ஒரு சின்னக் குழந்தையை இடுப்பில் வைத்து எடுத்துக்கொண்ட படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டார். வெள்ளை இரட்சகர்கள் போதும் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் லாமி கண்டித்தார். பெரும் விவாதத்துக்குப் பிறகு 2020இல் அந்த அமைப்பு, இனிப் பிரபலங்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிப் படம் எடுப்பதில்லை என்றும், ஆப்பிரிக்கப் படைப்பாளர்களே தங்கள் கதையைச் சொல்லட்டும் என்றும் முடிவெடுத்தது. நார்வே மாணவர் அமைப்பான சைஹ், 2017இல் பயணிகளுக்காக ஒரு சமூக ஊடக வழிகாட்டியே வெளியிட்டது. நம் ஊர்ப் பள்ளியில் முன்பின் தெரியாத ஒருவர் நம் பிள்ளையைத் தூக்கிப் படமெடுத்து ஊருக்கெல்லாம் காட்டினால் சும்மா இருப்போமா? ஜிஞ்சாவின் தாய்க்கும் அதே உரிமை இருக்கிறது.

கிளம்பும் முன் கேட்க வேண்டியவை

*இந்த வேலையை யார் கேட்டார்கள்?* அந்த ஊர்ப் பள்ளியோ மருத்துவமனையோ உள்ளூர் அமைப்போ கேட்டிருக்க வேண்டும். அனுப்புகிற நிறுவனத்தின் விளம்பரம் அழைப்பாகாது.

*இதே வேலையைச் செய்ய நம் ஊரில் விடுவார்களா?* இரண்டாம் ஆண்டு மாணவரை நம் அரசு மருத்துவமனையில் தையல் போட விடமாட்டார்கள் என்றால் அங்கேயும் கூடாது.

*அந்த ஊர்க்காரரின் சம்பளத்தைப் பறிக்கிறோமா?* ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருப்பவர்கள் உகாண்டாவில் நிறையப் பேர். சுவருக்கு வண்ணம் அடிக்க ஜிஞ்சாவில் பெயின்டர்கள் இருக்கிறார்கள்.

*கட்டிய பணம் எங்கே போகிறது?* எவ்வளவு உள்ளூரில் செலவாகிறது என்று எழுத்தில் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அந்த நிறுவனம் வேண்டாம்.

*குழந்தைகள் இல்லமா?* எத்தனை நல்ல இல்லமாக இருந்தாலும் குறுகிய காலத்துக்குப் போக வேண்டாம்.

*யார் மேற்பார்வை?* தவறு செய்தால் தட்டிக் கேட்க அந்த ஊர்க்காரர் ஒருவர் நமக்கு மேல் இருக்க வேண்டும்.

படிக்கப் போங்கள்

ஜிஞ்சாவில் ஒரு மாணவர் கற்றுக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது. பொறியியல் மாணவருக்கு அணைகளும் சர்க்கரை ஆலையும். நீரியல் மாணவருக்கு விக்டோரியா ஏரி. வரலாறு படிப்பவருக்குத் தெற்காசியர் வந்த கதையும் விரட்டப்பட்ட கதையும். பொதுச் சுகாதாரம் படிப்பவருக்கு டாசோவைவிடப் பெரிய ஆசான் எங்கே கிடைப்பார்? கம்பாலாவில் 1922இல் தொடங்கிய மக்கெரேரே பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர்கள் கிராமச் சுகாதார நிலையங்களில் களப்பணி செய்கிறார்கள். நம் மருத்துவ மாணவர் அவர்களுக்குப் பக்கத்தில், அவர்களுடைய பேராசிரியரின் கீழ் நின்று கற்கட்டும். அப்படிப் போகிறவர் கட்டணம் கட்டும் மாணவராகப் போகிறார், அங்குள்ள லுசோகா மொழியில் நாலு வார்த்தை பேசப் பழகுகிறார், ஊர்க்காரரோடு சமமாக உட்கார்ந்து சாப்பிடுகிறார். அவருடைய பயணத்தால் யாருக்கும் கேடு இல்லை. ஊருக்கு வருமானம், அவருக்கு அறிவு.

நம் கல்லூரிகளுக்கு ஒரு கோரிக்கை. ஆப்பிரிக்காவுக்கு மாணவரை அனுப்பும் முன், அந்த நகரத்தின் வரலாற்றுக்கும் மொழிக்கும் சில வாரமாவது வகுப்பு நடத்துங்கள். பாடம் எடுக்க ஆள் தேட வேண்டாம். உகாண்டா, தான்சானியா, நைஜீரியா, சூடான் என்று பல நாட்டு மாணவர்கள் தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலேயே படிக்கிறார்கள். வாடகைக்கு வீடு தேடும்போதும் பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாகவே கிடக்கும்போதும் அவர்கள் இங்கே படும் பாடு நமக்குத் தெரியாததல்ல. ஐயாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊருக்குச் சேவை செய்யத் துடிக்கிற மாணவர், தன் வகுப்பில் இருக்கும் ஆப்பிரிக்கத் தோழரை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டு, அவருடைய ஊரைப் பற்றிக் கேட்கட்டும். அவர் அழைத்தால், அவருடைய விருந்தாளியாக அந்த ஊருக்குப் போகட்டும்.